பேண்டுரோல்: தீப்பெட்டியில ஒட்டின சர்க்கார் சீட்டு

கனடாவுல 2018 அக்டோபர் 17-ல இருந்து கஞ்சா கடையில பில் போட்டு விற்கிற சரக்கு. சட்டப்படி. (பதறாதீங்க மக்களே, இந்தப் பதிவு தீப்பெட்டியைப் பத்தினது. கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வருவேன்.) அங்கே இருக்கிற நண்பர் ஒருத்தர் அந்தப் பொட்டலத்தோட படத்தை அனுப்பியிருந்தார். தயாரிச்ச கம்பெனி பேரு, லாட் நம்பர், பேக் பண்ணின தேதி, போதைச் சத்து எவ்வளவு, எச்சரிக்கை வாசகம் எல்லாம் இருக்கு. எல்லாத்துக்கும் மேல, மூடியைத் திறந்தா கிழியுற மாதிரி குறுக்கே ஒரு வரி ஸ்டாம்ப். மாகாணத்துக்கு மாகாணம் அதோட நிறம் வேறயாம். அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் இன்னும் ஒரு படி மேலே. 2014 ஜனவரி 1-ல அங்கே கடை விற்பனை தொடங்கினப்போ, ஒவ்வொரு செடிக்கும் ரேடியோ சிப் வச்ச அட்டை கட்டி, விதையில இருந்து விற்பனை வரைக்கும் கம்ப்யூட்டர்ல கணக்கு வச்சாங்க.

நண்பருக்கு ஒரே பிரமிப்பு. "பாத்தீங்களா, எவ்வளவு வெளிப்படையா இருக்கு, ஒரு பொட்டலம் எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுடலாம்"னு எழுதியிருந்தார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். அந்த ஸ்டாம்ப்பைப் பாத்ததும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்தது. எங்க பெரியம்மா சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீஸ்ல ஒட்டின காகிதத் துண்டு. எங்க ஊர்ல தீப்பெட்டித் தொழிற்சாலைன்னு யாரும் சொல்றதில்ல, தீப்பெட்டி ஆபீஸ்தான். "எங்க அக்கா ஆபீஸ் போறா"ன்னு ஒரு பொண்ணு சொன்னா வெளியூர்க்காரங்க டைப்ரைட்டர், மின்விசிறின்னு கற்பனை பண்ணிக்குவாங்க. அங்கே இருக்கிறது கட்டையும் மருந்தும் பசையும்.

தீப்பெட்டிக்குப் போறதுக்கு முன்னால கஞ்சா விஷயத்தையே கொஞ்சம் முடிச்சிடுறேன். விதையில இருந்து விற்பனை வரைக்கும் கணக்கு வைக்கிறது கொலராடோக்காரன் கண்டுபிடிப்பு இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல வங்காளத்து ராஜசாஹி ஜில்லாவுல நவகாவ்ன்னு ஒரு ஊரு (இப்போ பங்களாதேஷ்ல இருக்கு). அந்த வட்டாரத்துக்கே கஞ்சா மஹால்னுதான் பேரு. லைசென்ஸ் இருக்கிற சம்சாரி மட்டும்தான் பயிர் பண்ணலாம். அதிகாரி வந்து வயலைப் பாத்து எழுதிக்குவார். அறுவடையான சரக்கு சர்க்கார் கண்காணிப்புல இருக்கிற கிடங்குக்குப் போகணும். அங்கிருந்து எடுக்கிற மொத்த வியாபாரி கையில பாஸ் இருக்கணும். எடை போட்டு, தட்டைக் கஞ்சா, உருண்டைக் கஞ்சா, தூள்னு தரம் பிரிச்சு வரி. 1893-ல லண்டன் பார்லிமெண்ட்ல எழுந்த கேள்வியால இந்தியக் கஞ்சா கமிஷன் ஒண்ணு போட்டாங்க. மேக்வொர்த் யங்ங்கிறவர் தலைவர். 1,193 சாட்சிகளை விசாரிச்சு, 1894-ல ஏழு வால்யூமுக்கு அறிக்கை குடுத்தாங்க. முழுசாத் தடை பண்ண வேண்டாம், வங்காளத்து மாதிரி கட்டுப்படுத்தி வரி போடுங்கங்கிறதுதான் சாரம். நம்ம சென்னை மாகாணத்துலயும் அப்புறம் கண்ட இடத்துல பயிர் பண்றதை நிறுத்தி, வட ஆற்காட்டு சந்தவாசல், குண்டூர்ப் பக்கம் தக்குபாடுன்னு ஒரு சில இடத்துக்குள்ள அடக்கிட்டாங்க. எல்லாத்துக்கும் முற்றுப்புள்ளி 1985-ல வந்த போதைப் பொருள் சட்டம்.

இவ்வளவு கணக்கும் எதுக்கு? குடிக்கிறவன் நல்ல சரக்கு குடிக்கணும்னா? இல்ல. வரி ஒழுகக் கூடாதுன்னு. இதை மனசுல வச்சுக்கிட்டு கரிசக்காட்டுக்கு வாங்க.

தீப்பெட்டி எங்க மண்ணுல வந்ததே ஒரு வரியாலதான். 1922 வரைக்கும் இந்தியாவுல எரிஞ்ச தீக்குச்சியில பெரும்பகுதி ஸ்வீடன்லயும் ஜப்பான்லயும் இருந்து கப்பல்ல வந்தது. அந்த வருஷம் இந்திய சர்க்கார் வருமானம் போதலன்னு இறக்குமதித் தீப்பெட்டி மேல குரோஸுக்கு ஒண்ணரை ரூபாய் வரி போட்டது. குரோஸ்னா 144 பெட்டி. வரி போட்டது கஜானாவை நிரப்பத்தான், உள்ளூர்த் தொழிலை வளர்க்க இல்ல. ஆனா வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறினதும் உள்ளூர்ல செஞ்சாக் கட்டுப்படியாகும்னு ஆகிப்போச்சு. சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்தது இந்தச் சமயத்துலதான். திரும்பி வந்து அவங்க ஆரம்பிச்சது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலைன்னு பரவிச்சு.

ஏன் இங்கே? ரயில் இருந்தது. மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, முக்கின குச்சியும் ஒட்டின பெட்டியும் சீக்கிரம் காயும். இதையெல்லாம் புஸ்தகத்துல எழுதியிருப்பாங்க. ஆனா முக்கியமான காரணம் மனுஷங்க. கரிசல் மண்ணு ஐப்பசி கார்த்திகையில நனைஞ்சாத்தான் விதைப்பு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாமே அந்த ஒரு மழையை நம்பி. மாசி, பங்குனிக்கு மேல காட்டுல வேலையே கிடையாது. மண்ணு பாளம் பாளமா வெடிச்சு, காலை விட்டா முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். அந்த வெடிப்பைப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்த ஜனங்க குறைஞ்ச கூலிக்கு வரத் தயாரா இருந்தாங்க. கி.ரா.வோட இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்கு. அவரைப் படிச்சவங்களுக்கு இந்த வறட்சியைப் பத்தி நான் விளக்க வேண்டியதில்ல.

ஸ்வீடன்காரனும் சும்மா இருக்கல. தீக்குச்சி ராஜான்னு உலகமே சொன்ன இவார் குரூகரோட கம்பெனி, வரியைத் தாண்டி வர்றதுக்குப் பதிலா வரிக்கு உள்ளேயே வந்து உக்காந்துடுச்சு. 1923-ல விம்கோ ஆரம்பிச்சாங்க. பம்பாய்க்குப் பக்கத்துல அம்பர்நாத், நம்ம திருவொற்றியூர்னு மெஷின் ஃபாக்டரிகள். ஒரு பக்கம் மெஷின், இன்னொரு பக்கம் எங்க ஊரு விரல்கள். (குரூகர் 1932 மார்ச்ல பாரிஸ்ல சுட்டுக்கிட்டு செத்துப்போனார். அவரோட கணக்குப் புஸ்தகம் முழுக்கப் புளுகுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. வெளிப்படைத்தன்மையைப் பத்தி எழுதுற பதிவுல இதைச் சொல்லாம இருக்க முடியல.)

இப்போ பேண்டுரோல் எப்படி வந்ததுன்னு பாருங்க. உள்ளூர்லயே பெட்டி செய்ய ஆரம்பிச்சதும் இறக்குமதி விழுந்துபோச்சு. இறக்குமதி விழுந்தா சுங்க வரியும் விழும். 1922-ல எந்தப் பணத்துக்காக வரி போட்டாங்களோ அந்தப் பணமே போச்சு. நிதி உறுப்பினர் சர் ஜார்ஜ் ஷூஸ்டர் 1934 பட்ஜெட்ல இதுக்கு வழி பண்ணினார். சர்க்கரைக்கும் தீப்பெட்டிக்கும் உள்நாட்டு உற்பத்தி வரி. தீப்பெட்டி கலால் வரிச் சட்டம், 1934.

சர்க்கரை ஆலைன்னா வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி மூட்டையை எண்ணலாம். தீப்பெட்டியை? ஊரு ஊரா, தெருத் தெருவா, ஓலைக் கொட்டகையில செய்ற சாமான். வாசல்ல ஆளு போட்டு மாளாது. அதனால வாசலைக் காவல் காக்கிறதுக்குப் பதிலா பெட்டியையே காவல் காக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. அரசாங்கமே அச்சடிச்ச மெல்லிசான காகிதப் பட்டி. வரியைக் கட்டிப் பட்டியை வாங்கணும். ஒவ்வொரு பெட்டியிலயும் குறுக்கே ஒட்டணும், திறந்தாக் கிழியுற மாதிரி. பட்டி இல்லாத பெட்டி ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது. பெட்டியில எத்தனை குச்சிங்கிறதை வச்சு வரி மாறும். பிரெஞ்சுக்காரன் கிட்ட இருந்து வந்த பேண்டரோல்ங்கிற வார்த்தை எங்க ஊர் வாயில பேண்டுரோல் ஆயிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. காலணா, அரையணா சாமான். அதுல ஒவ்வொண்ணுலயும் சர்க்கார் முத்திரை. இன்னைக்குப் பெரிய மருந்துக் கம்பெனிகள் மாத்திரை அட்டையில கோடு போட்டுட்டு விழா எடுக்குது. நாள் ஒண்ணுக்கு 100 குரோஸ் போடுற சின்ன ஆபீஸ்னா 14,400 பட்டி. அத்தனையையும் ஒட்டுறது கை. சின்னக் கை.

எங்க பெரியம்மாவுக்கு இப்போ எண்பது வயசாச்சு. ஐம்பதுகளோட கடைசியில, பாவாடை கட்டுற வயசுல ஆபீஸ் போனவங்க. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ உக்காத்தி வச்சுக் கேட்டேன்.

"பேண்டுரோல் ஒட்டுனது ஞாபகம் இருக்கா பெரியம்மா?"

"மறக்குமாடே? லேபிள் கிழிஞ்சாக்கூட ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ. பேண்டுரோல் கிழிஞ்சா அம்புட்டுத்தான், கணக்கப்பிள்ள குதிச்சிருவாரு. அது துட்டுல்லா! கிழிஞ்ச துண்டையும் பத்திரமா எடுத்துக் குடுக்கணும். எண்ணித் தருவாவ, எண்ணி வாங்குவாவ."

"எக்சைஸ் ஆபீசர் வருவாரா?"

"வருவாரு. ஜீப்பு சத்தம் கேட்டதும் எங்கள மாதிரி சின்னப் பிள்ளையளப் பின்வாசல் வழியா அனுப்பிருவாவ. அவரு பாட்டுக்கு நோட்டப் பாப்பாரு, பேண்டுரோல எண்ணுவாரு, காப்பி குடிச்சுட்டுப் போயிருவாரு. நாங்க வேலி மறவுல உக்காந்து கத பேசிட்டு இருப்போம். அன்னைக்கு மட்டுந்தாம் வெளையாட்டு."

இதைக் கேட்டதுக்கு அப்புறம்தான் இந்தப் பதிவு எழுதணும்னு தோணிச்சு. வந்தவர் தன் வேலையை ஒழுங்காப் பாத்துட்டுத்தான் போயிருக்கார். அவர் வந்தது பட்டியை எண்ண. பிள்ளைகளை எண்ணுறது அவர் இலாகா இல்ல.

சட்டம் இல்லைன்னு சொல்ல முடியாது. பேண்டுரோல் வந்து நாலே வருஷத்துல, 1938-ல, குழந்தைகள் வேலைச் சட்டம் வந்தது. அதோட அட்டவணையில பீடி சுத்துறது, கம்பளம் நெய்யுறது இதுகளோட தீப்பெட்டி, பட்டாசும் பேரு போட்டே இருக்கு. ஆனா அதுல ஒரு விதிவிலக்கு: கூலிக்கு ஆள் வைக்காம, குடும்பத்து ஆட்களை மட்டும் வச்சு நடத்தினா சட்டம் பொருந்தாது. இந்த ஓட்டையோட அருமை எங்க ஊருக்கு வந்தாத்தான் புரியும். பெட்டி ஒட்டுறதுல பெரும்பகுதி ஆபீஸ்ல நடக்கவே இல்ல. காகிதமும் சக்கையும் வீட்டுக்கு வரும். அடிப்பெட்டி, மேல்பெட்டின்னு வீட்டுத் திண்ணையில அம்மா, ஆச்சி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒட்டுவாங்க. எங்க வீட்லயும் ஒட்டியிருக்கோம். ஸ்கூல் விட்டு வந்ததும் மைதாப் பசை வாசனைதான் முதல்ல வரும். இது குடும்பத் தொழிலா, கூலித் தொழிலா? குரோஸுக்கு இவ்வளவுன்னு காசு வருது, ஆனா முதலாளி யாருன்னே சமயத்துல தெரியாது, இடையில ஏஜெண்டு. 1986-ல வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்துலயும் தீப்பெட்டி தடைப்பட்டியல்ல இருந்தது. குடும்ப விதிவிலக்கும் அப்படியே இருந்தது.

சட்டத்தால ஆகாததை ஒரு வழக்கு கொஞ்சம் ஆட்டிப் பாத்தது. எம்.சி. மேத்தா போட்ட பொதுநல வழக்கு, தமிழ்நாடு அரசுக்கு எதிரா, சிவகாசியை வச்சு. உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல தீர்ப்பு சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும், அதை நல நிதியில போடணும்னு. அதுக்கு அப்புறம் கணக்கெடுப்பு வந்தது. ஆபீஸ் வாசல்ல "இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை"ன்னு போர்டு முளைச்சது. வெறும் போர்டு மட்டும்னு நான் சொல்ல மாட்டேன். சத்துணவு, ஊருக்குப் பக்கத்துல பள்ளிக்கூடம், அப்புறம் மெஷின் எல்லாமாச் சேர்ந்து நிலைமையை மாத்திச்சு. பெரியம்மாவோட பேத்தி இன்ஜினியரிங் முடிச்சுட்டா. ஆனா நடுவுல போன காலத்தைப் பாருங்க: ஒரு பெட்டி விடாம எண்ணத் தெரிஞ்ச சர்க்காருக்குப் பிள்ளைகளை எண்ணச் சொல்ல 1934-ல இருந்து 1996 வரைக்கும் ஆச்சு. 62 வருஷம்.

பேண்டுரோல் இன்னொரு விஷயத்தையும் மறைச்சது: முதலாளி யாருங்கிறதை. வரி விகிதம் உற்பத்தி அளவை வச்சு ஏ, பி, சி, டின்னு வகுப்பு பிரிச்சிருந்தாங்க. ஏன்னா விம்கோ மாதிரி மெஷின் ஃபாக்டரியோட கைத்தொழில் போட்டி போட முடியாது. சின்னவனுக்கு வரி கம்மி. நியாயம்தான். ஆனா நம்மாளுங்க சும்மா விடுவாங்களா? :-) பெரிய ஆபீஸ் ஒண்ணு சின்னச் சின்ன ஆபீஸா உடையும். மச்சான் பேர்ல ஒண்ணு, சித்தப்பா பேர்ல ஒண்ணு, கணக்கப்பிள்ளை பேர்ல ஒண்ணு. மருந்து ஒரே இடத்துல அரைக்கிறது, குச்சி ஒரே லாரியில வர்றது, லேபிள் மட்டும் வேற வேற. காகிதத்துல பாத்தா அத்தனையும் தனித்தனிக் குடிசைத் தொழில். ஒவ்வொரு பெட்டியிலயும் சரியான பேண்டுரோல், ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு பேரு. அந்தப் பேரைத் தேடிப் போனா ஒரு ஓலைக் கொட்டகையும் ஒரு வாட்ச்மேனும்தான் இருப்பாங்க. அப்புறம் சர்க்காரே அளவு வகுப்பை விட்டுட்டு, மெஷினா கையாங்கிற பாகுபாட்டுக்கு மாறினாங்க. உடனே எது மெஷின், எது கைங்கிற சண்டை. அது 2017-ல ஜிஎஸ்டி வந்தப்பவும் தொடர்ந்தது: கைத்தயாரிப்புக்கு 5 சதவீதம், மத்ததுக்கு 18. ஒரு வேலையை மட்டும் மெஷின்ல பண்ணினா அது எதுல சேர்த்தி? 2020 ஏப்ரல் 1-ல இருந்து எல்லாத்துக்கும் 12னு ஒண்ணாக்கினப்போதான் அந்தச் சண்டை ஓய்ஞ்சது.

கஞ்சாக் கதையில இதே மாதிரி ஒண்ணு நடக்குது. அமெரிக்காவுல போதைச் சத்து அதிகம்னு லேபிள்ல இருந்தா விலை அதிகம் கிடைக்கும். பரிசோதனை பண்றது தனியார் லேப். எந்த லேப் பெரிய நம்பர் தருதோ அங்கே போய்ச் சாம்பிளைக் குடுக்கிறது. இதுக்கு லேப் ஷாப்பிங்னு பேரே வச்சிருக்காங்க. சிப் வச்ச அட்டை செடியை விடாமப் பின்தொடருது, ஸ்டாம்ப் ஒழுங்கா இருக்கு, லாட் நம்பர் இருக்கு. எண்ணு மட்டும் பொய்.

எங்க ஊர்ப் பெட்டியிலயும் ஒரு எண்ணு இருக்கு. எடுத்துப் பாருங்க: "சராசரி 50 குச்சிகள்". அந்தச் சராசரிங்கிற வார்த்தைக்குள்ள ஒரு தொழிலோட தந்திரமே இருக்கு. கட்டையில குச்சியை வரிசையா அடுக்கி, மருந்து முக்கி, காஞ்ச பிறகு பிள்ளைங்க கை அளவுல அள்ளிப் பெட்டியில ரொப்புவாங்க. யாரும் எண்ணுறதில்ல. அனுபவப்பட்ட கை அள்ளினா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். அதனால சராசரி. நேர்மையான வார்த்தைதான். ஆனா மரம் விலை ஏறினப்போ, பொட்டாசியம் குளோரேட் விலை ஏறினப்போ, பெட்டி விலையை ஏத்த முடியாத வருஷங்கள்ல, அந்த வார்த்தை நிறைய இடம் குடுத்தது. ஒரு ரூபாய்ப் பெட்டி 2007-ல வந்தது. அதுக்கு அப்புறம் 2021 டிசம்பர் 1-ல ரெண்டு ரூபாய் ஆகுற வரைக்கும் பதினாலு வருஷம் விலை ஏறவே இல்ல. அந்தப் பதினாலு வருஷத்துல வேற எந்தச் சாமான் ஒரே விலையில இருந்ததுன்னு சொல்லுங்க பாப்போம்.

இன்னொண்ணையும் சொல்லணும், இது நல்ல விஷயம். பழைய காலத் தீக்குச்சியில வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பத்தும். அதைச் செய்றவங்களுக்குத் தாடை எலும்பு அழுகும். லண்டன்ல 1888-ல தீப்பெட்டிப் பெண்கள் ஸ்டிரைக் பண்ணினதுக்குப் பின்னால இதுவும் இருந்தது. 1906-ல பெர்ன் நகரத்துல நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியாவுல 1913-லேயே வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்துடுச்சு. எங்க ஊர்ல தொழில் வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னால. அதனால எங்க பெரியம்மா தாடை தப்பிச்சது. பெட்டிப் பக்கவாட்டுல செம்பழுப்பா இருக்கே, அதுல இருக்கிறது சிவப்புப் பாஸ்பரஸ். குச்சித் தலையில பாஸ்பரஸே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கை, வாங்குறவன் சோதிக்க முடியாத ஒண்ணை, சட்டம் முழுசா விலக்கி வச்ச உதாரணம் இது. ஸ்டாம்ப் ஒட்டலை, லேபிள் போடச் சொல்லலை. செய்யவே கூடாதுன்னாங்க, முடிஞ்சது.

ஊர்ப் பேருக்கு மரியாதை கிடைச்ச கதையும் எங்க ஊர்ல உண்டு. 2020-ல கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. கண்ட ஊர்ல செஞ்சு கோவில்பட்டின்னு பேரு போடுறவனைத் தட்டிக் கேக்கலாம். மிட்டாய்க்காரங்களுக்கு வாழ்த்துகள். தீப்பெட்டி விஷயத்துல நிலைமை நேர் எதிர். கரிசல் முழுக்கத் தயாராகிற பெட்டி வடநாட்டுக்குப் போகும்போது அங்கத்திய வியாபாரி கேட்ட படம், கேட்ட பேரு. ஒட்டகம், ரோஜா, சிங்கம், சினிமா நடிகை. செஞ்ச ஊர் ஓரத்துல பொடி எழுத்துல. சிவகாசி அச்சகங்கள் பெருகினதுக்கே இந்த லேபிள்தான் முதல் காரணம். ஒரு படம் ஓடினா மறு மாசமே அதைப் போலவே இன்னொண்ணு வரும், சிங்கத்துக்குப் பதிலா புலி, அதே நிறம், அதே வட்டம். இந்த மாதிரி ஜோடிகளைத் தேடிப் பிடிக்கிறதுதான் என் பொழுதுபோக்கு. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய லேபிள் வச்சிருக்கேன், வீட்டம்மா பார்வையில அது குப்பை.

இப்போ தீப்பெட்டிக்கு வந்திருக்கிற எதிரி சிகரெட் லைட்டர். பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் சாமான், பல தீப்பெட்டிக்குச் சமம். கோவில்பட்டி சங்கத்துக்காரங்க டெல்லி வரைக்கும் போய் முறையிட்டாங்க, 2022-ல முதல்வரும் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன்ல 20 ரூபாய்க்குக் குறைஞ்ச லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே உதிரி பாகமாக் கொண்டுவந்து இங்கே பூட்ட ஆரம்பிச்சாங்க. 2024-ல அந்தப் பாகங்களுக்கும் தடை போட வேண்டியதாச்சு. லைட்டரோட அடியில எங்கே செஞ்சதுன்னு தேடிப் பாருங்க, கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேணும்.

நண்பர் அனுப்பின அந்தக் கஞ்சாப் பொட்டலப் படத்தைப் பெரியம்மாகிட்டக் காட்டினேன். கஞ்சான்னு சொல்லல, வெளிநாட்டு மருந்துன்னு சொல்லி வச்சேன். ஸ்டாம்ப்பை விரலால தடவிப் பாத்தாங்க, போன் ஸ்கிரீன்லதான். "ஒட்டுனவ நல்லா ஒட்டிருக்கா, கோணலே இல்ல"ன்னாங்க. மெஷின் ஒட்டினது பெரியம்மான்னேன். "அப்ப சரி, மெஷினுக்குக் கைவலி கெடையாது"ன்னுட்டு வெத்தலைச் செல்லத்தை எடுத்துக்கிட்டாங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். என்கிட்ட லேபிள் இருக்கு, அடிப்பெட்டி மேல்பெட்டி இருக்கு, பேண்டுரோலோட கிழியாத முழுப் பெட்டி ஒண்ணுகூட இல்ல. திறந்தாக் கிழியணும்னுதானே ஒட்டினாங்க, அப்புறம் எப்படிக் கிடைக்கும். பழைய மளிகைக் கடை வச்சிருந்த குடும்பத்துக்காரங்க, பரண்ல தாத்தா சாமான் இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா கொஞ்சம் துழாவிப் பாருங்க. கிடைச்சா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பெட்டியை நீங்களே வச்சுக்கலாம். நாலு பக்கமும் தெரியுற மாதிரி எடுங்க, முக்கியமா ஓரத்துல இருக்கிற பொடி எழுத்து. தயவுசெஞ்சு திறந்து பாக்காதீங்க.